துஞ்சிய ஏழாம் தொகுதி

தென் கரோலினாவின் ஏழாம் தொகுதியே! பியூஃபர்ட்டின் உப்பங்கழித் தீவுகளில் அடிவைத்து நின்றாய். ஜார்ஜ்டவுனின் நெல்வயல்களைத் தழுவினாய். உள்நாட்டில் சம்ட்டரின் பருத்தி நிலம்வரை கை நீட்டினாய். இன்று அந்தக் கழி உண்டு, வயல் தூர்ந்த சுவடும் உண்டு, நீ இல்லை. மன்னன் பட்டால் யாழைக் கீழே வைத்து அழப் பாணர் இருந்தனர். வாக்குச்சீட்டால் ஆன நாடொன்று பட்டபோது அழுதவர் யார்?

உன்னைப் பெற்றவர் விரும்பிப் பெறவில்லை. உள்நாட்டுப் போரின் பின் வந்த மறுசீரமைப்புக் காலம் 1877-இல் முடிந்தது. கூட்டரசின் படை காவல் விலகியது. பழைய அடிமை முதலாளிகளின் கட்சி மீண்டும் கோலேந்தியது. ஆயினும் மாநிலத்தில் பத்துப் பேரில் அறுவர் கறுப்பர். 1880 கணக்கெடுப்புக்குப் பின், ஐந்தாயிருந்த காங்கிரஸ் தொகுதிகள் ஏழாயின. நேர்கோடு கிழித்தால் ஆட்சி கைநழுவும் என அஞ்சிய சட்டமன்றத்தார், 1882-இல் மாவட்டங்களைப் பிளந்தும் வளைத்தும் கோணல்மாணலாய் எல்லை வரைந்து, கறுப்பர் வாக்கை இயன்ற மட்டும் உன்னுள் அடைத்தனர். ஆறு தொகுதி தமக்கு, ஒன்று அவர்களுக்கு. கொட்டடியாகவே உன்னைக் கட்டினர். அந்தக் கொட்டடியைத் தம் வீடாக்கிக்கொண்ட மக்களை எண்ணியே என் நெஞ்சு உருகுகிறது.

அது அவர்களுக்கு இயன்றது உன் மண்ணால். 1861 நவம்பர் 7-ஆம் நாள் வடவர் கப்பற்படை போர்ட் ராயல் துறையைப் பிடித்தது. தோட்ட முதலாளிகள் மாளிகையை விட்டு ஓடினர். ஏறத்தாழ 10,000 அடிமைகள் நின்ற இடத்திலேயே நின்றனர். தெற்கின் பிற பகுதிகள் விலங்கோடு கிடந்தபோது அவர்கள் தமக்கென உழுதனர். மறு ஆண்டே செயின்ட் ஹெலினா தீவில் பென் பள்ளி எழுந்தது, முதியவரும் எழுத்துக்கூட்டினர். 1863-இன் முதல் நாளில் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் கேம்ப் சாக்ஸ்டனின் மரநிழலில் உரக்கப் படிக்கப்பட்டது. வரிபாக்கிக்காக ஏலம்போன தோட்டங்களில் துண்டு துண்டாய் நிலம் வாங்கினர். தன் காணியில் விளைந்ததை உண்பவனை எந்த நிலக்கிழாரும் எளிதில் மிரட்ட முடியாது. தெற்கில் பிற இடங்களில் கறுப்பர் வாக்கு முறிந்த பின்னும் உன்னிடத்தே அது நிமிர்ந்து நின்றதன் வேர் இதுவே என்பேன்.

அந்த மண் ஈன்ற மகன் ராபர்ட் ஸ்மால்ஸ். 1839-இல் பியூஃபர்ட்டின் பிரின்ஸ் தெருவில், எசமானர் வீட்டின் பின்புறக் குடிலில் அடிமையாய்ப் பிறந்தார். 1862 மே 13, விடியுமுன், சார்ல்ஸ்டன் துறையில் பிளான்டர் என்னும் நீராவிக் கப்பல் நங்கூரம் எடுத்தது. வெள்ளைத் தலைவர்கள் கரையில் உறங்கினர். தலைவனின் வைக்கோல் தொப்பியை அணிந்து, அவன் நிற்பதுபோலவே கைகட்டி நின்றார் 23 வயது ஸ்மால்ஸ். மனைவியும் மக்களும் கீழ்த்தளத்தில் மூச்சடக்கிக் கிடந்தனர். கோட்டை கோட்டையாக முறைப்படி ஊதல் ஒலித்துக் கடந்தார். சம்ட்டர் கோட்டையின் பீரங்கி எல்லை தாண்டியதும் வடவர் கப்பல்களை நோக்கி வெள்ளைத் துணி ஏற்றினார். சாவின் வாய்க்குள் புகுந்து குடும்பத்தோடு வெளிவந்த அந்த மாலுமி, பின்னர் தாம் பிறந்த குடிலுக்கு முன்னிருந்த எசமானர் வீட்டையே விலைகொடுத்து வாங்கினார். 1868-இல் மாநில அரசமைப்பு அவையில் எல்லாக் குழந்தைக்கும் பொதுப்பள்ளி வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். எழுத்தறிவு மறுக்கப்பட்டு வளர்ந்தவரின் முதல் கோரிக்கை அது.

உன்னிடமிருந்து முதலில் காங்கிரஸ் சென்றவர் எட்மண்ட் மக்கே. கறுப்பர் பக்கம் நின்ற வெள்ளையர். 1884 சனவரியில் அவர் மறைய, ஸ்மால்ஸ் உன் குரலானார். 1886-இல் வில்லியம் எலியட்டிடம் அவர் தோற்றதாக அறிவித்தனர். எப்படித் தோற்றார்? உன்னைப் பெற்ற அதே 1882-ஆம் ஆண்டு, எட்டுப் பெட்டிச் சட்டத்தையும் பெற்றிருந்தது. ஒவ்வொரு பதவிக்கும் தனிப்பெட்டி. மாற்றுப் பெட்டியில் விழுந்த சீட்டு செல்லாது. படிக்கத் தெரிந்தவன் பெட்டியின் மேல் எழுத்தைப் படிப்பான். தெரியாதவன் இடத்தை மனத்தில் வைத்து வருவான். அவன் வருமுன் பெட்டிகள் இடம்மாறியிருக்கும். படிக்கக் கற்றால் தண்டித்த நாட்டில், படிக்காததற்குத் தண்டனை! வெயிலில் மைல்கணக்கில் நடந்து வந்து, வரிசையில் நின்று, செல்லாத பெட்டியில் நம்பிக்கையை இட்டுத் திரும்பிய அந்த உழவர்களை எந்த வரலாற்றுப் பக்கம் தனித்தனியே பெயர் சொல்லி அழைக்கும்?

தாமஸ் மில்லர் 1888-இல் நின்றார். அவரும் தோற்றதாக அறிவிக்கப்பட, வழக்காடினார். வென்றவர் அவரே என்று பிரதிநிதிகள் சபை ஏற்றபோது 1890 செப்டம்பர். இரண்டாண்டுப் பதவியில் அவர் அமர்ந்தது ஐந்து மாதச் சொச்சம்.

பிறகு 1892-இல், சம்ட்டரில் அடிமையாய்ப் பிறந்த ஜார்ஜ் முர்ரே உன்னை வென்றார். ஐயோ, அவர் பதவியேற்ற அந்த 1893-இலேயே கடலும் உன் மேல் எழுந்தது. ஆகஸ்ட் 27 இரவு சூறாவளி தீவுகளின் மேல் நீரை நிறுத்தியது. ஏறத்தாழ 2,000 பேர் மாண்டதாகக் கணிப்பு, பெரும்பாலோர் கறுப்பர். உப்புநீர் நின்ற வயலில் பயிர் கருகியது. முதிய கிளாரா பார்ட்டன் செஞ்சிலுவைச் சங்கத்தோடு வந்து அடுத்த கோடைவரை விதையும் சோளமும் அளித்தார். முர்ரே 1894 ஆகஸ்டில் சபையில் எழுந்து, கறுப்பினத்தார் பெற்ற 92 காப்புரிமைகளின் பட்டியலைப் பதிவேட்டில் ஏற்றினார். அவற்றுள் எட்டு, உழவுக் கருவிகளுக்காக அவரே பெற்றவை. அப்போது காங்கிரஸில் இருந்த ஒரே கறுப்பர் அவர். தம் மக்கள் எதையும் ஆக்க அறியாதவர் என்று நாடு நாளும் கேட்டுவந்த பொய்க்கு முன், பெயர் பெயராய், கருவி கருவியாய் எண்ணிக் காட்டியதைக் காட்டிலும் உயர்ந்த பேச்சு உன் வாயிலிருந்து பிறந்ததில்லை.

அதுவும் பொறுக்கவில்லை அவர்களுக்கு. 1894 தேர்தலுக்குள் உன்னை உடைத்தனர். முர்ரே முதல் தொகுதியில் நின்று, மில்லரைப் போலவே வழக்காடி, 1896 சூனில்தான் இடம் பெற்றார். ஏழு என்ற எண்ணை வேறு மண்ணுக்குச் சூட்டினர்.

1895 இலையுதிர்காலத்தில் கொலம்பியா நகரின் மாநில மாளிகையில், வெள்ளையர் ஆதிக்கவாதி பென் டில்மன் வழிகாட்டப் புதிய அரசமைப்பு எழுதக் கூடினர். 160 பேர் அவையில் கறுப்பர் அறுவர்: பியூஃபர்ட்டிலிருந்து ஐவர், ஜார்ஜ்டவுனிலிருந்து ஒருவர். உடைந்தும் ஆறு குரல் தந்தாய், தாயே! ஸ்மால்ஸும் மில்லரும் அங்கே நின்று வாதாடினர். மறுசீரமைப்புக் காலத்து அரசுகள் பள்ளி கட்டியதை, ஏழைக்குச் சட்டம் வகுத்ததை மில்லர் எடுத்தோதினார். கேட்ட செவிகள் முன்பே அடைபட்டவை. தலைவரி கட்டிய சீட்டு வேண்டும். அரசமைப்பைப் படித்து எழுதவேண்டும், அல்லது 300 டாலர் சொத்து வேண்டும். திருட்டுக்கு வாக்குரிமை போகும், கொலைக்குப் போகாது என்றெல்லாம் எழுதினர். அந்த ஏட்டில் ஸ்மால்ஸ் கையொப்பமிடவில்லை.

உன் பெயரைச் சுமந்த பிற்காலத் தொகுதியைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. அங்கிருந்து சென்றவர்கள் வெள்ளையர் மட்டுமே வாக்களித்த முதல்கட்டத் தேர்தலின் பிள்ளைகள். நான் பின்தொடர்வது உன் பழைய மக்களை. 1911 சூறாவளியோடு நெல் போயிற்று. காய்த்துளைக்கும் வண்டு தீவுப் பருத்தியைத் தின்றது. வாக்கும் இல்லை, விளைச்சலும் இல்லை. மக்கள் வடக்கே ரயிலேறினர். முர்ரேயே சிகாகோ சென்று 1926-இல் அங்கு மறைந்தார். 1930 கணக்கெடுப்பில் தென் கரோலினாவில் கறுப்பர் சிறுபான்மையாயினர்; மாநிலம் ஓர் இடத்தை இழந்தது. 1933 மார்ச்சில் ஏழு என்ற எண்ணும் அழிந்தது. வாக்கைப் பறித்தபோதும் தலையை எண்ணி இடம் வாங்கிவந்தவர்கள், எண்ணத் தலை குறைந்தபோது அந்த இடத்தையும் தோற்றனர்.

முர்ரே 1897-இல் இறங்கிய படியில், இம்மாநிலத்தின் அடுத்த கறுப்பராக ஜேம்ஸ் கிளைபர்ன் ஏற 1993 ஆயிற்று. 96 ஆண்டு! 2013-இல் ஏழாம் தொகுதி மீண்டும் பிறந்தது. மர்ட்டில் கடற்கரையை மையமாகக் கொண்ட அது உன் மறுபிறப்பு அன்று. பியூஃபர்ட் இப்போது முதல் தொகுதியில் கிடக்கிறது. அதிலிருந்து சார்ல்ஸ்டனின் கறுப்பு வாக்காளர் ஏறத்தாழ 30,000 பேரைப் பெயர்த்து ஆறாம் தொகுதியில் சேர்த்தது அண்மை வரைபடம். கீழ் நீதிமன்றம் அதைத் தடுத்தது. 2024 மே மாதம், இன நோக்கம் நிறுவப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்றாய் அதை நிலைநிறுத்தியது.

அதே ஆண்டு மாநிலச் சட்டமன்றம் ராபர்ட் ஸ்மால்ஸுக்கு நினைவுச் சின்னம் எழுப்ப இசைந்தது. டில்மன் 1940 முதல் வெண்கலமாய் நிற்கும் மாநில மாளிகை வளாகத்தில், 1895 அரசமைப்பில் கையொப்பமிட மறுத்த உன் மகனுக்கும் இனி இடம் உண்டாம்.