இரு கட்சியும் பேசும் இயந்திரம்

பட்டிமன்றம் நமக்குப் புதிதன்று. மணிமேகலையிலேயே பட்டிமண்டபம் உண்டு. சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாச்சாரியார், பிறர் கொள்கைகளைப் பரபக்கத்தில் முதலில் எடுத்துக் கூறி மறுத்த பின்னரே, தம் கொள்கையைச் சுபக்கத்தில் நிறுவுகிறார். எதிர்க்கட்சியை அதற்குரியவரே பேசுவதுபோல் எடுத்துச் சொல்லும் அந்தக் கடினமான வேலையை இன்று செயற்கை நுண்ணறிவு நொடியில் செய்து தருகிறது.

இவ்வாண்டு நம் தமிழ் மன்றத்தில் "நெசவின் எதிர்காலம் கைத்தறியிலா, விசைத்தறியிலா?" என்று தலைப்புக் கொடுத்தார்கள். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு விழுந்தது விசைத்தறி. என் தந்தையார் பவானியில் ஜமக்காளம் நெய்பவர் என்பதை அறிந்த நண்பர்கள் சிரித்த சிரிப்பை என்னென்பது!

கைப்பேசியில் இரண்டு உரையாடல்களைத் திறந்தேன். ஒன்றைக் கைத்தறிக்கும் மற்றொன்றை விசைத்தறிக்கும் வழக்காடச் சொல்லி, ஒன்றின் வாதத்தை மற்றொன்றிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏழைக்கு மலிவான துணி வேண்டாமா என்றது ஒன்று. மின்சாரமின்றி வீட்டிலேயே நடக்கும் தொழிலை ஏன் அழிக்க வேண்டும் என்றது மற்றொன்று. பிறகு கட்சியை மாற்றிப் பேசச் சொன்னேன். சற்றுமுன் கைத்தறிக்காக உருகியது, அதே உருக்கத்தோடு அதனைச் சாடியது! நம் மேடைப் பேச்சாளர்கள் சிலர் நினைவுக்கு வந்தார்கள், பெயர் வேண்டாம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி இன்றும் 22 இரகங்கள் கைத்தறிக்கே உரியவை என்று ஒன்று அடித்துக் கூறியது. தொடக்கத்தில் 22 என்பது மெய். பின்னர் அது 11 ஆகக் குறைக்கப்பட்டது. நூலகத்தில் சரிபார்த்த பிறகே குறிப்பில் சேர்த்தேன்.

அன்றிரவு விசைத்தறிக் கட்சியின் வாதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கூலி போதாத தொழிலைச் சட்டம் போட்டுக் காப்பது நெசவாளியைத் தறிக்குழியிலேயே கட்டிப்போடுவதாகும் என்பது அதன் சாரம். அப்பா கோபிப்பார் என்று எண்ணினேன். அவர் காலை நீவிவிட்டுக்கொண்டே, "அது சொல்றது செரிதான் கண்ணு. குழியிலிருந்து எந்திரிச்சு எங்க போறதுன்னு கேளு" என்றார்.

கேட்டேன். இரண்டும் மாற்றுத் தொழிற்பயிற்சி, சிறுகடன், இணையவழி விற்பனை என்று யோசனைகளை அடுக்கின. அப்பாவுக்கு வயது ஐம்பத்தாறு. அகலமான விரிப்பு என்றால் பக்கத்தில் அம்மாவும் அமர்ந்து நாடாவை வாங்கித் தள்ள வேண்டும். எழுந்தால் இருவரும் எழ வேண்டும். இதை எழுதியனுப்பியதும் வருத்தம் தெரிவித்துவிட்டு, மீண்டும் அதே யோசனைகளைத் தந்தன.

2019இல் சான்பிரான்சிஸ்கோவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் வாதிடும் இயந்திரமும் ஹரீஷ் நடராஜன் என்ற சொற்போர் வல்லுநரும் மோதினர். மழலையர் பள்ளிகளுக்கு அரசு மானியம் வேண்டும் என்பது இயந்திரத்தின் கட்சி. தொடக்கத்தில் அவையோரில் 79 விழுக்காட்டினர் அதன் பக்கம், முடிவில் 62. எதிர்த்தவர்கள் 13இலிருந்து 30 ஆனார்கள். ஆயினும் தங்கள் அறிவை வளர்த்தது யார் என்று கேட்டபோது பெரும்பாலோர் இயந்திரத்தையே சொன்னார்கள். இவ்விரு விடைகளும் முரண் என்று எனக்குத் தோன்றவில்லை.

மேடையில் நான் விசைத்தறிக்காகவே பேசினேன். இயந்திரம் தந்த வாதங்களில் மூன்றை எடுத்துக்கொண்டேன். இறுதியில், அப்பாவின் கேள்வியை என் கட்சியாருக்கே எதிராக வைத்து, இதற்கு விடை சொல்லாமல் விசைத்தறி வென்றதாகக் கொள்ள வேண்டாம் என்றேன். அணித்தலைவர் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். எதிரணியினரோ அதைப் பிடித்துக்கொள்ளவே இல்லை. தாம் எழுதி வந்ததையே படித்தார்கள்.

தீர்ப்பு கைத்தறிக்கே ஆயிற்று. வீட்டில் சொன்னபோது, "நம்ம பக்கம் பேசுனது யாரு?" என்று கேட்டார் அப்பா. பெயரைச் சொன்னேன். "தறி இருக்குதா அவங்க வீட்ல?" என்றார். இல்லை என்றேன்.