லிபியின் சரிவு

இரண்டு லிபிகளை ஒரே பக்கத்தில் வைப்பதை அச்சுக்கூடத்துச் சமாச்சாரமாக மட்டும் நான் கருதவில்லை. எதை அளவுகோலாகக் கொள்வது என்ற கேள்வி அதில் இருக்கிறது. அது விமர்சனத்தின் கேள்வியும்தான்.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரில், வங்கி குமாஸ்தாவாக இருக்கிறேன். ஆலங்காயம் வழியாக இறங்கினால் வாணியம்பாடி. தோல் வியாபாரத்து ஊர். அங்கே கடைப்பலகைகளில் தமிழ், ஆங்கிலத்தோடு உருதுவும் இருக்கும். எனக்கு உருது படிக்கத் தெரியாது. அதனாலேயே வடிவம் மட்டும் கண்ணில் படுகிறது. கையால் எழுதிய பழைய பலகைகளில் ஒவ்வொரு சொல்லும் வலது மேலிருந்து இடது கீழாகச் சரிந்து இறங்குகிறது. நஸ்தாலிக் முறையின் இயல்பு அது. கம்ப்யூட்டரில் அடித்த சில புதிய பலகைகளில் சரிவு போய்விட்டது. பக்கத்து ஆங்கிலத்தின் கோட்டிலேயே உருதுவும் நேராக உட்கார்ந்திருக்கிறது.

ஆங்கில எழுத்துக்கு ஜோடியாக அரபு எழுத்து வரைகிறவர்களின் சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது. ரோமன் எழுத்தில் செங்குத்துக் கோடு தடிப்பு. நாணல் பேனாவில் பிறந்த நஸ்க்கில் கிடைக்கோடு தடிப்பு. அரபியில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் கிடையாது. இத்தாலிக் ரோமன் லிபியில் தனியான ஒரு கையெழுத்திலிருந்து வந்தது. 1501ல் வெனிஸில் ஆல்டஸ் அதில் புத்தகமே அச்சிட்டார். அரபியில் அதற்கு ஈடு இல்லை. சாய்த்தே தீருவதென்றால் எந்தப் பக்கம் சாய்ப்பது? தமிழிலும் இதே கதைதான். எழுத்தாணியின் சீரான கோட்டில் வளர்ந்த லிபியை நாம் ஆங்கிலத்தைப் பார்த்துத் தடிப்பாக்கினோம், சாய்த்தோம்.

1950களில் பெய்ரூட் பத்திரிகையாளர் கமெல் ம்ரோவேயும் லினோடைப் கம்பெனியும் அரபு எழுத்தின் வடிவங்களைக் குறைத்தார்கள். அது இயந்திரத்தின் நிர்ப்பந்தம். 2007ல் வெளிவந்த ஃப்ருட்டிகர் அரபு எழுத்தை நடீன் ஷாஹின் வரைந்தபோது அந்த நிர்ப்பந்தம் இல்லை. ஜோடி சேர்ப்பதற்கு உயரத்தை ஒட்டவைக்க வேண்டியதில்லை. பக்கத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தால் இரண்டு பத்திகளும் ஒரே அளவு கருமையாகத் தெரிந்தால் போதும் என்று எனக்குப் படுகிறது. கருமைதான் பொது; எலும்பு அதனதன் எலும்பு.

நம் விஷயத்துக்கு வருகிறேன். 1959ல் தொடங்கிய ‘எழுத்து’ நமக்கு அலசல் விமர்சனத்தைக் கொடுத்தது. அதன் கருவிகள் பலவும் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. பி.ஏ. ஆங்கிலம் படித்த எனக்கு அவை இன்னும் கைக்கு வாகானவை. விட்டுவிடும் உத்தேசம் இல்லை. ஆனால் ஐரனி, டென்ஷன், இமேஜ் என்ற சொற்கள் நிமிர்ந்து நிற்கும் கோட்டிலேயே தமிழ்க் கவிதையும் உட்கார வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். உட்காராத வரியைப் பலவீனம் என்கிறோம். அந்த வரி தன் லிபியின் சரிவில் இறங்கிக்கொண்டிருக்கலாம். அடுத்த மதிப்புரையை எழுதும் முன் இதை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.