வளர்ப்புப் பிள்ளைக்கு நாம் பட்டிருக்கும் இரு கடன்கள்



முத்துக்குளித்தலாலும் சங்குகுளித்தலாலும் வாழ்ந்த எமது தூத்துக்குடிக் கரைக்கு, கடலில் தந்தையை இழந்த பிள்ளையை உறவினர் எடுத்து வளர்ப்பது புதிதன்று. ஆயினும் பிள்ளைப்பேறற்ற தம்பதியர் எம்மிடம் தயங்கித் தயங்கிக் கேட்பதுண்டு: "ஹஜ்ரத், தத்தெடுப்பது ஹராம் என்கிறார்களே, பிள்ளை வளர்க்கவே கூடாதா?"

வளர்ப்பது ஹராமன்று, எத்தீமை அரவணைப்பது பெரும் நன்மை. விலக்கப்பட்டது வம்சத்தை மாற்றுவதே. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வளர்த்த ஜைது (ரலி) அவர்களை மக்கள் நபியின் மகனென்றே அழைத்து வந்தனர். அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் கட்டளை இறங்கியதும் அவர்கள் மீண்டும் ஜைது இப்னு ஹாரிஸா ஆனார்கள். பெயர் மாறியது, பாசம் குறையவில்லை. முஃதா படைக்கு அவர்களையே நபியவர்கள் தளபதியாக்கினார்கள்.

இனி நாட்டுச் சட்டம். 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம் நமக்குப் பொருந்தாது. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி நீதிமன்றத்தில் காப்பாளராகலாம். அதில் பிள்ளையின் வம்சம் மாறாது. ஆனால் 18 வயதில் அவ்வுறவு சட்டத்தின் கண்ணில் முடிந்துவிடும். மூன்றாவது, எம்மதத்தவர்க்கும் பொதுவான இளைஞர் நீதிச் சட்டம். 2014 பிப்ரவரியில் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம், முஸ்லிமும் இச்சட்டத்தின்கீழ்த் தத்தெடுக்கலாம், விரும்பாதவரை அது கட்டாயப்படுத்தாது என்று தெளிவுபடுத்தியது. இப்போதுள்ள 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, தத்தெடுத்த பிள்ளை பெற்ற பிள்ளையாகவே கருதப்படும். 2022 செப்டம்பர் முதல் ஆணையிடுபவர் மாவட்ட ஆட்சியர். அநாதையாகவோ கைவிடப்பட்டோ உள்ள குழந்தையை இம்முறையின்றித் தத்தாகக் கைமாற்றினால் மூன்றாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

எமக்கு அறிமுகமான ஒருவர் உறவினரின் பெண் குழந்தையைப் பதினேழு ஆண்டுகள் கண்ணின் மணியாக வளர்த்தார். நீதிமன்ற ஆணை இல்லை, ஹிபா இல்லை, வசிய்யத்தும் இல்லை. அவர் வஃபாத்தானபின் வாரிசுகள் பங்கு பிரித்தபோது அப்பெண் வாசலருகே நின்றிருந்தாள். ஷரீஅத்தில் குறையில்லை, அது திறந்து வைத்த வாயில்களை நாம்தாம் பயன்படுத்தவில்லை.

அவ்வாயில்கள் எளியவை. நலமாயிருக்கும்போதே ஒரு பொருளை ஹிபாவாகக் கொடுத்து, அதனைப் பிள்ளையின் கைவசம் ஒப்படைக்கலாம். வளர்ப்புப் பிள்ளை வாரிசல்லாததால், கடன் போக எஞ்சியதில் மூன்றிலொரு பங்கு வரை வசிய்யத் எழுதலாம். கைக்குழந்தையாயின், வளர்ப்புத் தாயோ அவர்தம் சகோதரியோ இரண்டு வயதுக்குள் பாலூட்டினால் பால்குடி உறவு உண்டாகும். ஷாஃபிஈ மத்ஹபில் ஐந்து முறை வேண்டும். பின்னாளில் மஹ்ரம் குறித்த சங்கடம் அதனால் பெரிதும் நீங்கும்.

எந்தச் சட்ட வழியைத் தேர்ந்தாலும், வழக்கறிஞரையும் ஆலிமையும் ஒருசேரக் கலந்துகொள்ளுங்கள். ஆவணத்தில் எப்பெயர் இருப்பினும், பெற்றோர் யாரென்பதைப் பிள்ளைக்கு அறியும் பருவத்திலேயே அன்போடு சொல்லிவிடுங்கள். தன் வம்சத்தை அறிவது ஒரு கடன். நம் காலத்திற்குப்பின் தெருவில் நில்லாதிருப்பது மறு கடன். இரண்டும் அப்பிள்ளைக்கு நாம் செலுத்த வேண்டியவை. ஒன்றைச் செலுத்தியதால் மற்றது தீர்ந்துவிடாது.

வல்ல ரஹ்மான் எத்தீம்களின் அமானிதத்தைப் பேணுவோராக நம்மை ஆக்கியருள்வானாக. ஆமீன்.