யார் அடித்த ரிவெட்?

ஒஹையோவில் நான் நடத்திய வழக்குகளில் சட்டப் புத்தகத்தைவிட அலுமினியத் தகட்டை அதிகம் பார்க்க வைத்த வழக்கு இது. கட்சிக்காரர் பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். ஆர்வி-7 என்ற இரண்டு இருக்கை விமானத்தைத் தன் வீட்டுக் கராஜில் கட்டிக்கொண்டிருந்தார். விமானப் பாகங்கள் அடங்கிய புது கிட் வாங்கக் கையில் பணம் போதாது. ஆசையாகத் தொடங்கிவிட்டு, குழந்தை பிறந்ததாலோ உடம்புக்கு முடியாமல் போனதாலோ பாதியில் விட்டவர்கள் அமெரிக்காவில் நிறையப் பேர். அவர்களிடம் கிட் மலிவாகக் கிடைக்கும். அப்படித்தான் உடற்பகுதியை ஒருவரிடமும், கட்டி முடித்த இறக்கைகளையும் வால் பகுதியையும் இன்னொருவரிடமும் வாங்கினார். வழக்கு அந்த இரண்டாமவர் மீது.

இதில் சட்டம் கேட்பது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க விமான விதி 21.191-இன் 'ஜி' பிரிவுப்படி, தம் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மட்டும் கட்டுபவர்கள் விமானத்தின் பெரும்பகுதியைத் தாங்களே செய்திருக்க வேண்டும். துறையில் இருப்பவர்கள் இதை 51 சதவீத விதி என்பார்கள். ஒரே ஆள்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. முதலில் தொடங்கியவரும் ஆர்வத்துக்காகச் செய்தவரானால் அவர் வேலையும் கணக்கில் சேரும். கூலி கொடுத்துச் செய்வித்த வேலை சேராது. என் கட்சிக்காரர் வாங்கிய உடற்பகுதியோ, பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே கட்டி அனுப்பப்படும் 'குவிக் பில்டு' வகை. அந்த வகையில் தொழிற்சாலையின் பங்கே பெரிது. அதற்கு மேல் இறக்கையும் வாலும் கூலி வேலை என்றால் கணக்கு உதைக்கும். இது அவருக்குத் தெரியும். அதனால்தான் வாங்குமுன் மின்னஞ்சலில் கேட்டிருந்தார். "ஒவ்வொரு ரிவெட்டும் நானே அடித்தது" என்று பதில் வந்தது.

விமானக் கூண்டின் கண்ணாடி மூடி, கருவிப் பலகை என்று வேலை வெகுதூரம் வந்தபின் ஒருநாள், இறக்கையின் அடிப்பக்கத்து ஆய்வு மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார். உள்ளே ரிப் தகடு ஒன்றில் நீல மார்க்கரில் ஓர் எண், பக்கத்தில் இரண்டு எழுத்து இனிஷியல். அது விற்றவருடையது அல்ல.

என்னைக் கராஜுக்கு வரவழைத்து, தகடுகளை இணைக்கும் ரிவெட்டுகளைக் காட்டினார். நசுங்கிய தலையின் அகலம் தண்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும், உயரம் பாதி. வரிசை வரிசையாக அளவுமானியை வைத்தார், எங்கும் பிசகவில்லை. பிறகு தான் முதன்முதலில் பழகிய தகட்டை எடுத்துக் கொடுத்தார். சில தலைகள் சாய்ந்திருந்தன, சில அளவுக்கு மீறி நசுங்கியிருந்தன, துளையிட்டுக் கழற்றி மறுபடி அடித்த தடமும் இருந்தது. "முதல் இறக்கை கட்டுபவன் கை இப்படித்தான் இருக்கும்" என்றார். விற்றவர் கொடுத்த கட்டுமானப் பதிவேட்டில் இறக்கை வேலைக்கு ஒரு புகைப்படம்கூட இல்லை.

பெரும்பகுதியும் ஆர்வலர்கள் கட்டியதே என்று அரசுக்குக் கொடுக்க வேண்டிய உறுதிமொழிப் படிவத்தில், தெரியாததுபோல் கையெழுத்துப் போட்டுவிடச் சொன்ன நண்பர்கள் உண்டு. மத்திய அரசிடம் தெரிந்தே பொய் சொல்வது குற்றம் என்பதை நான் விளக்கினேன். அவர் அதற்கும் மேலே யோசித்திருந்தார். "நாளைக்கு என்னிடம் இதை வாங்குபவர் இந்தப் பதிவேட்டை நம்பித்தானே ஏறுவார்?" என்றார். பாடகர் ஜான் டென்வரின் பெயரையும் சொன்னார். 1997 அக்டோபர் 12 அன்று மான்டெரே விரிகுடாவில் டென்வரோடு விழுந்த லாங்-ஈஸி விமானம், இன்னொருவர் கட்டி அவர் வாங்கியது. எரிபொருள் தொட்டியை மாற்றும் கைப்பிடி, வடிவமைத்த பர்ட் ருட்டானின் வரைபடம் காட்டிய இடத்தில் இல்லாமல் விமானியின் இடது தோளுக்குப் பின்னால் இருந்தது. கட்டுபவர் செய்வதெல்லாம் வாங்குபவர் தலையில்தான் வந்து விடிகிறது. கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவர் சொன்னபோதே இந்த வழக்கை எப்படியும் ஜெயித்துக் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் திறமைசாலி. விற்பனைச் சீட்டில் 'இருக்கிற நிலையில்' என்ற வரி இருப்பதைக் காட்டினார். அடுத்துச் சொன்னதுதான் கனமான வாதம்: "தொழில் தெரிந்தவர் கட்டிய இறக்கை கற்றுக்குட்டி கட்டியதைவிட மேல். வாதிக்கு என்ன நஷ்டம்?" நீதிபதியும் என்னைப் பார்த்து அதையே கேட்டார்.

இறக்கையின் தரத்தில் எங்களுக்குக் குறையே இல்லை என்றேன். பொதுவாகத் தொழிற்சாலை விமானம் ஒன்றின் வடிவமைப்பு அரசின் நீண்ட சோதனைகளைத் தாண்டித்தான் விற்பனைக்கு வருகிறது. தானே கட்டிக் கற்றுக்கொள்பவருக்கு அந்தச் சோதனைகளிலிருந்து விலக்கு. கூலிக்குக் கட்டியதையும் அதில் நுழையவிட்டால் எந்தப் பட்டறையும் சோதனையில்லாத விமானத்தை ஆர்வலர் பெயரில் விற்கலாம். ஆகவே இந்த இறக்கையில் யார் கை பட்டது என்பதும் சரக்கின் குணம்தான். என் கட்சிக்காரர் விலை கொடுத்தது அதற்கும் சேர்த்து.

குறுக்கு விசாரணையில் விற்றவர், மார்க்கர் எண்ணைத் தானே போட்டதாகச் சொன்னார். கூலிக்கு விமானப் பாகம் கட்டும் ஒரு பட்டறைக்குச் சம்மன் அனுப்பி வரவழைத்த கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டினேன். அதே எண், எதிரே விற்றவரின் பெயர், அவரிடம் பட்டறை வாங்கிய கூலி. முதுகுவலியால் குனிந்து வேலை செய்ய முடியாமல் போனதாகவும், போட்ட பணமாவது திரும்பட்டும் என்று அப்படி எழுதிவிட்டதாகவும் ஒப்புக்கொண்டார். அந்த வலி பொய்யில்லை என்றே நினைக்கிறேன்.

வெளிப்படையாகக் கொடுத்த உறுதியை 'இருக்கிற நிலையில்' என்ற பொதுவான வரி அழித்துவிடாது என்று தீர்ப்பு வந்தது. இன்னொன்றும் எங்களுக்குக் கைகொடுத்தது. கராஜில் இடம் போதாதென்று இறக்கைகளைக் கடைசியில், விமான நிலையத்துக்குக் கொண்டுபோய்த்தான் பூட்டுவார்கள். என் கட்சிக்காரர் இறக்கையையும் வாலையும் இன்னும் பொருத்தவில்லை. சரக்கு வாங்கிய நிலையிலேயே இருந்ததால் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெற வழி இருந்தது. ஏற்றுக்கூலியோடு முழு விலையும் வந்தது. மோசடிக்கான தண்டத்தொகையை நீதிமன்றம் தரவில்லை. நானும் மேல்முறையீடு செய்யவில்லை.

அந்தப் பணத்தோடு கடன் வாங்கிப் புது வால் கிட்டும் இறக்கைக் கிட்டும் எடுத்தார். சில ஆண்டுகளுக்குப் பிறகு சோதனை ரக விமானத்துக்கான இளஞ்சிவப்புச் சான்றிதழ் கிடைத்தது. கட்டியவர் என்ற முறையில் ஆண்டு ஆய்வைத் தானே செய்துகொள்ளும் உரிமமும் அவர் பெயருக்கு வந்தது.

அதன்பின் பாதி கட்டிய கிட் வாங்க என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களுக்கு, விற்பனைச் சீட்டில் ஒரு பத்தி எழுதிக் கொடுக்கிறேன்: எந்தப் பாகத்தை யார் செய்தார், அதற்குப் பணம் கைமாறியதா, தேதியிட்ட படங்கள் எங்கே. விற்பவர் அதில் கையெழுத்துப் போடத் தயங்கினால் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.