என்னையக் கேக்காத, அதையே கேளு

ஆணி கொஞ்சம் குறைஞ்சிருக்கு. ரொம்ப நாளா பாதியில தூங்கிட்டு இருந்த மேட்டரை இன்னிக்குத் தூசி தட்டி எடுத்துட்டேன். பொட்டி தட்டாத நண்பர்களும் பயப்படாமப் படிக்கலாம். ஒரு எடிட்டரைப் பத்தியும் பேசப் போறேன், அஞ்சு வருசமா நான் தப்பாவே நெனச்சுட்டு இருந்த ஒரு மனுசனைப் பத்தியும் பேசப் போறேன்.

கொசுவத்தியச் சுத்திக்குங்க.

காலேஜ்ல நாலு வருசமும் எங்க லேப்ல டர்போ சி நீலத்திரைதான். எஃப்9 தட்டினா கம்பைல் ஆகும், கண்ட்ரோல் எஃப்9 தட்டினா ஓடும். இதுக்கு மேல ஒரு எடிட்டர்கிட்ட கேக்குறதுக்கு என்ன இருக்குன்னு நெனச்சுட்டுத்தான் 2018-ல வேலைக்குச் சேர்ந்தேன். எனக்குப் பக்கத்து சீட்ல ஒரு சீனியர். பேரு வேண்டாம், அண்ணன்னே வச்சுக்குவோம். அவருக்கும் மதுரைப் பக்கம்தான்.

அண்ணன் மௌஸைத் தொட்டு நான் பார்த்ததில்ல. கருப்புத் திரை, அதுல ரெண்டா மூணாப் பிரிஞ்ச கட்டம், விரல் ஓடுற ஓட்டத்துக்கு எழுத்து தாவும். 'எஃப்5' தட்டுவார், கீழ ஏதோ ஓடும், தப்பு இருக்குற வரிக்குத் தானாப் போய் நிக்கும். அதுதான் இமேக்ஸ். 1976-ல எம்.ஐ.டி.யில பொறந்து, 1985-ல ரிச்சர்ட் ஸ்டால்மன் கையால க்னூ இமேக்ஸா வெளிய வந்த சமாச்சாரம். எங்க ரெண்டு பேரையும் விட வயசுல பெரிசு.

ஒரு நாள் வாய் சும்மா இல்லாம கேட்டேன். "அண்ணே, அந்த எஃப்5 என்ன பண்ணுது?"

திரும்பிக்கூடப் பாக்கல. "என்னையக் கேக்காதடா. அதையே கேளு."

சுத்தி நாலு பேர் இருந்தாங்க. ஒருத்தன் சிரிச்சான். எனக்குச் சுருக்குனு ஆயிருச்சு. வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மாசம்கூட ஆகல, ஏற்கனவே இங்கிலீஷ்ல மீட்டிங் நடந்தா வியர்க்குற ஆளு நான். 'பெரிய இவரு'ன்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டேன். அதுக்கப்புறம் அவர்கிட்ட எதுவுமே கேக்குறதில்லைன்னு ஒரு சபதம்.

ஒரு வாரம் கழிச்சு அண்ணன்கிட்ட இருந்து ஒரு மெயில். உள்ள அவரோட இமேக்ஸ் கான்ஃபிக் ஃபைல், 800 வரிக்கு மேல. மெயில்ல ஒரே ஒரு வரி: "வச்சுக்கோ. புரியாத வரிய வச்சுக்காத."

நான் என்ன பண்ணினேன்னு நெனைக்குறீங்க? அப்படியே எடுத்துப் போட்டுக்கிட்டேன். ஒரு வரி படிக்கல. நன்றின்னு ஒரு பதில்கூடப் போடல. ஆனா வேலைக்கு அவ்வளவு வசதியா இருந்துச்சு. எஃப்5 தட்டினா அதே மாய மந்திரம். 2020-ல அண்ணன் வேலைய விட்டுட்டுப் போனார். கடைசி நாள் கேக் வெட்டுற இடத்துல கூட்டத்தோட கூட்டமாக் கை தட்டிட்டு வந்துட்டேன்.

இங்க ஒரு சின்ன விளக்கம். இமேக்ஸ்ல கான்ஃபிக்னா டிக் அடிக்கிற கட்டங்கள் மட்டும் இல்ல. அந்த ஃபைலே ஒரு லிஸ்ப் புரோகிராம். எடிட்டர் தொறக்கும்போது மேல இருந்து கீழ ஒவ்வொரு வரியா ஓடும். எந்த கீயத் தட்டினா எது நடக்கணும்ங்கறதுல இருந்து எல்லாத்தையும் நாமளே எழுதிக்கலாம். வம்பு என்னன்னா, நடுவுல ஒரு வரி இடறி விழுந்தா அதோட நின்னுடும். அதுக்குக் கீழ இருக்குற எதுவும் ஓடாது.

இப்போ 2023-க்கு வாங்க. ஜூலை கடைசியில இமேக்ஸ் 29 வந்துச்சு. கொஞ்ச நாள் கழிச்சு, ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் சும்மா இருக்க மாட்டாம அப்டேட் பண்ணித் தொலைச்சேன். அன்னிக்கு ராத்திரி பத்து மணிக்கு டேமேஜர் போன். ஒரு கஸ்டமருக்குப் பில் தொகை தப்பா விழுது, காலைல ஆறு மணிக்குள்ள சரி பண்ணணும்.

எடிட்டரைத் தொறக்குறேன். வெள்ளைத் திரை, மேல கலர் கலரா ஐகான். என்னோட கருப்பு இல்ல, கட்டம் இல்ல, எஃப்5 தட்டினா அப்படி ஒண்ணே இல்லைங்குது. ஒரு எச்சரிக்கை மட்டும் தெரியுது: 'க்ளோபல்-லைனம்-மோட்'னு ஒரு ஃபங்ஷனே இல்லையாம்.

சொந்த வீட்டுக்குள்ள கரண்ட் போன மாதிரி இருந்துச்சு. அஞ்சு வருசம் குடியிருந்த வீடு, ஆனா எந்தச் சுவிட்ச் எங்கன்னு தெரியாது. ஏன்னா வயரிங் பண்ணினது நானில்ல.

இணையத்துல தேடினேன். ஒருத்தர் 24-க்குச் சொன்ன வழி, இன்னொருத்தர் 26-க்குச் சொன்ன வழி. ஏ.ஐ. கிட்ட கேட்டா, ரொம்ப மரியாதையா, இல்லாத ஒரு ஃபங்ஷன் பேரைச் சொல்லுது. மணி பதினொண்ணு. வேற எடிட்டர்ல வேலையப் பாப்போம்னு விஷுவல் ஸ்டுடியோ கோட் தொறந்தேன். விரல் பழகின எடத்துக்கே போகுது, நாலு தடவை ஃபைலை மூடிட்டேன். அழுகை வராத குறை.

அப்பத்தான் அந்த வார்த்தை ஞாபகம் வந்துச்சு. அதையே கேளு.

இமேக்ஸ்ல கண்ட்ரோல் எச் தட்டினா, 'என்ன தெரியணும்?'னு கேட்டுட்டுக் காத்திருக்கும். அடுத்து 'கே' தட்டிட்டு எந்த கீயத் தட்டினாலும் அது என்ன செய்யும்னு சொல்லும். 'எஃப்' போட்டா ஃபங்ஷன் பத்தி, 'வி' போட்டா வேரியபிள் பத்தி. 'எம்' போட்டா இப்போ இருக்குற மோட்ல என்னென்ன உண்டுன்னு சொல்லும். 'எல்' போட்டா கடைசியா என்னென்ன தட்டினோம்னு காட்டும், கை தவறி எதையோ அமுக்கிட்டு முழிக்கிறவங்களுக்கு இது வரம். 'என்' போட்டா அந்தப் பதிப்புல என்னென்ன மாறியிருக்குன்னு பூராவும் வரும். இணையம் வேண்டாம். ஊருக்கெல்லாம் பொதுவான பதில் கிடையாது. நம்ம மெஷின்ல, நம்ம பதிப்புல, நம்ம கான்ஃபிக்கோட இப்போ ஓடிட்டு இருக்குற எடிட்டர் தன்னைப் பத்தித் தானே சொல்ற பதில்.

கண்ட்ரோல் எச், என். வந்த பக்கத்துல 'லைனம்'னு தேடினேன். ரெண்டே வரியில விசயம் முடிஞ்சுது. வரிசை எண் காட்டுற அந்தப் பழைய சமாச்சாரம் காலாவதி ஆயிருச்சு, இனிமே 'டிஸ்ப்ளே-லைன்-நம்பர்ஸ்-மோட்' பயன்படுத்துங்கன்னு இருந்துச்சு. கண்ட்ரோல் எச், எஃப் போட்டுப் புதுசு எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்தேன். எடிட்டர் முழுக்கத் தெரியுற மாதிரி போட அதுக்கு 'க்ளோபல்'னு முன்னாடி சேர்த்த ஒண்ணு இருக்கு. ஃபைல்ல பதினாலாவது வரி. பேரை மாத்தினேன். மூடித் தொறந்தேன். கருப்புத் திரை வந்துருச்சு.

வரி ஓரத்துல நம்பர் காட்டுற ஒரு வரி, கீழ இருந்த 800 வரியையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிருக்கு.

பில் பிரச்சனைய மூணு மணிக்கு முடிச்சேன். தூக்கம் வரல. எஃப்5 உண்மையிலயே சரியாயிருச்சான்னு பாக்க, வாழ்க்கையில முதல் தடவையா கண்ட்ரோல் எச், கே, எஃப்5 தட்டினேன்.

ஒரு கட்டம் தொறந்துச்சு. இந்த கீ இன்ன ஃபங்ஷனைக் கூப்பிடுது, அது உன்னோட கான்ஃபிக் ஃபைல்ல இருக்குன்னு முதல் வரி. அதுக்குக் கீழ விளக்கம். இமேக்ஸ்ல நாம எழுதுற ஃபங்ஷனுக்கு நாமளே ஒரு குறிப்பு எழுதி வச்சா, கேக்கும்போது அதையும் எடுத்துக் காட்டும். அண்ணன் எழுதி வச்சிருந்தார். இங்கிலீஷ் எழுத்துல தட்டின தமிழ்:

"ஃபைலை சேவ் பண்ணும், கம்பைல் பண்ணும், முதல் தப்பு இருக்குற வரிக்குப் போகும். அன்னிக்கு நாலு பேர் முன்னாடி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடா தம்பி. இதைப் படிச்சுட்டேன்னா வந்து சொல்லு, டீ வாங்கித் தரேன்."

அதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன். அஞ்சு வருசம். தினம் அம்பது தடவை அந்த கீயத் தட்டியிருப்பேன். மூணு கீ தள்ளி ஒரு மனுசன் மன்னிப்புக் கேட்டுட்டுக் காத்திருந்திருக்கார். அந்தக் கோவத்துலயே நான் கடைசி நாள்ல அவருக்குக் கையக் குடுக்காம வந்திருக்கேன்.

காலைல எட்டு மணிக்குப் போன் பண்ணினேன்.

"அண்ணே, எஃப்5 படிச்சுட்டேன்."

ரெண்டு செகண்ட் சத்தமே இல்ல. அப்புறம் ஒரே சிரிப்பு. "டேய்! அது இன்னும் வச்சிருக்கியா? நான் ஒரு வாரத்துல வருவேன்னு நெனச்சேன்டா. வரல. சரி, பய கோவமா இருக்கான்னு விட்டுட்டேன்."

"நான் ஃபைலைத் தொறந்தே பாக்கலண்ணே."

"அதுக்குத்தான் புரியாத வரிய வச்சுக்காதன்னு எழுதினேன்," அப்படின்னார். "அன்னிக்கு எனக்கு டெலிவரி டென்ஷன்டா. சொன்னது சரிதான், சொன்ன விதம் தப்பு."

அந்த வார லீவுல ஃபைலை மொத்தமா உக்காந்து படிச்சேன். ஒவ்வொரு வரிக்கும் எச்-எஃப், எச்-வி. பாதிக்கு மேல அண்ணனோட தேவை, என்னோடது இல்ல. நான் தொடாத மொழிகளுக்கான செட்டிங், அவரோட சுண்டு விரல் வலிக்காக மாத்தி வச்ச கீ, இப்படி. எதையுமே ஏத்தாமத் தொறக்க 'மைனஸ் பெரிய க்யூ'ன்னு ஒரு வழி இருக்கு. அதுல ஆரம்பிச்சு எனக்கு வேணும்கறதை மட்டும் ஒண்ணொண்ணாச் சேர்த்தேன். இப்போ 70 வரிதான். ஒவ்வொண்ணும் ஏன் இருக்குன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். இந்த நோண்டல்ல கிடைச்ச போனஸ் ஒண்ணு: கண்ட்ரோல் எச், எச் தட்டிப் பாருங்க. உலக மொழிகள்ல எல்லாம் வணக்கம் சொல்லும், நம்ம 'வணக்கம்' தமிழ் எழுத்துலயே அங்க இருக்கு.

எஃப்5 மட்டும் அண்ணன் எழுதினபடியே இருக்கு. குறிப்போட சேர்த்து.

போன மாசம் டீம்ல புதுசாச் சேர்ந்த பொண்ணு என் திரையைப் பார்த்துட்டு, "அண்ணா, அந்த எஃப்5 என்ன பண்ணுது?"ன்னு கேட்டுச்சு. எனக்கும் அன்னிக்கு டெலிவரி. 'அதையே கேளு'ன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. முழுங்கிட்டு, பக்கத்துல ஒரு சேரை இழுத்துப் போட்டேன். "கண்ட்ரோல் எச் தட்டும்மா. இப்போ கே. இப்போ எஃப்5."

தட்டிப் படிச்சுட்டு என்னையப் பார்த்துச்சு. "யாருண்ணா இது, டீ வாங்கித் தரேன்னு எழுதியிருக்காரு?"

"வா, டீ குடிச்சுக்கிட்டே சொல்றேன்"னேன்.

டிஸ்கி: விம் கட்சிக்காரங்க சண்டைக்கு வர வேண்டாம் :-) உங்ககிட்டயும் முக்காப்புள்ளி போட்டு 'ஹெல்ப்'னு தட்டினா ஒரு சுரங்கமே இருக்குன்னு எனக்குத் தெரியும். ஆனா யாரோ குடுத்த கான்ஃபிக் ஃபைலைப் படிக்காமலே வச்சிருந்தா, இன்னிக்கு ராத்திரி ஒரு தடவை தொறந்து பாருங்க. உள்ள யாராவது உங்களுக்காகக் காத்துட்டு இருக்கலாம்.