வீரபாண்டியில் குட்டி யானைக்கு வயதானால்… ரிப்பேரா, விற்பனையா?

தமிழ்நாட்டில் வீரபாண்டி என்ற பெயரில் பல ஊர்கள் உண்டு. தேனிப் பக்கத்து வீரபாண்டி என்றால் கௌமாரியம்மன் கோயிலும் சித்திரைத் திருவிழாவும் நினைவுக்கு வரும். சேலத்து வீரபாண்டி சட்டமன்றத் தொகுதியாகப் பலருக்கும் தெரிந்த பெயர். திருப்பூர் வீரபாண்டிக்கு அப்படி ஓர் அடையாளம் சொல்ல வேண்டுமானால், துணி ரோல்களை அடுக்கிக் கயிறு கட்டிப் போகும் குட்டி யானையைத்தான் சொல்ல வேண்டும்.

திருப்பூரிலிருந்து பல்லடம் போகும் சாலையை ஒட்டிய பகுதி இது. 2011-ல் மாநகராட்சி எல்லை விரிந்தபோது திருப்பூரோடு சேர்ந்துகொண்டது. காலை எட்டு மணிக்கு இந்தச் சாலையில் நின்றால் கம்பெனி பஸ், பல்லடத்துக் கறிக்கோழி வண்டி, டிபன் கேரியர் மாட்டிய டி.வி.எஸ். எக்ஸ்.எல்., நடுவே நெளிந்து போகும் குட்டி யானை என்று எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

குட்டி யானைக்கு இங்கே இவ்வளவு வேலை எப்படி? திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் முழுவதும் ஒரே கட்டடத்தில் உருவாவது குறைவு. நூல் நிட்டிங்குக்குப் போகும். அங்கிருந்து துணி சாயப்பட்டறைக்கு. பிறகு காம்பாக்டிங், கட்டிங், பிரின்டிங், எம்ப்ராய்டரி, தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங். பாதிக்கு மேல் ஜாப் ஒர்க். ஒவ்வொரு இடத்துக்கும் நடுவே ஒரு வண்டி ஓட வேண்டும். லாரி நுழைய முடியாத சந்தில் உள்ள யூனிட்டுக்கும் போக வேண்டும்.

டாடா நிறுவனம் 2005 மே மாதம் ஏஸ் வண்டியைக் கொண்டுவந்தபோது, இந்த மாதிரி ஊர்களுக்கென்றே செய்ததுபோல இருந்தது. இரண்டு சிலிண்டர், 702 சி.சி. டீசல் இன்ஜின். முக்கால் டன் பாரம். அதுவரை வேறொருவர் வண்டியில் டிரைவராக இருந்த எத்தனையோ பேர் ஃபைனான்ஸ் போட்டுச் சொந்த வண்டிக்காரர் ஆனார்கள். நம் ஊர்க்காரர்கள் செல்லமாக அதற்குக் குட்டி யானை என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

அந்த யானைகளில் பலவற்றுக்கு இப்போது வயதாகிவிட்டது.

பட்டறையில் கேட்கும் கேள்வி

பல்லடம் சாலையை ஒட்டிய மெக்கானிக் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு.

"ஏனுங்ணா, இதுக்கு மேல இந்த வண்டிக்குச் செலவு பண்ணலாங்களா?"

"அத அப்பறம் பாக்கலாங் கண்ணு. மாசத்துல எத்தன நாள் வண்டி நிக்குதுன்னு மொதல்ல சொல்லு."

அனுபவசாலி மெக்கானிக் முதலில் கேட்பது இதைத்தான். வண்டியின் வயதும் ரிப்பேர் பில்லும் அவருக்குப் பிறகுதான். காரணம், வீரபாண்டியில் வண்டி நின்றால் அன்றைய வாடகை மட்டும் போவதில்லை. சாயப்பட்டறையில் துணி காத்திருக்கும்; கட்டிங் மாஸ்டர் கை கட்டி நிற்பார்; தூத்துக்குடிக்குப் போக வேண்டிய சரக்கு ஒருநாள் தள்ளும். இரண்டு முறை இப்படி ஆனால் கம்பெனிக்காரர் மூன்றாம் முறை வேறு வண்டியைக் கூப்பிடுவார். போன வாடிக்கை திரும்பி வருவது கஷ்டம்.

ஒரு பேப்பர், ஒரு பேனா

கணக்குக்காக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு வயதான வண்டி. கடன் முடிந்துவிட்டது. இன்ஜினை இறக்கி பிஸ்டன், ரிங் மாற்றி, கிளட்ச் பிளேட்டும் பின்பக்கப் பட்டையும் போட 60,000 ரூபாய் ஆகும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். விற்றால் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும். 'இவ்வளவு செலவு செய்வதற்கு வித்துட்டுப் புதுசு எடுத்துடலாம்' என்று மகன் சொல்கிறான். 'கடன் இல்லாம நிம்மதியா இருக்கோம்' என்று அம்மா சொல்கிறார். இரண்டுமே நியாயம்தான். கணக்கு என்ன சொல்கிறது?

வேலை பார்த்த வண்டி இரண்டு வருடம் தாங்கும் என்றால் 60,000 ரூபாய் மாதத்துக்கு 2,500 ஆகிறது. சில்லறை ரிப்பேர் மாதம் 2,500 என்று வைப்போம். மொத்தம் 5,000. மாதத்தில் இரண்டு நாள் வண்டி நின்று, ஒரு நாளைக்குக் கையில் நிற்கும் வருமானம் 1,500 போகிறதென்றால் இன்னொரு 3,000. ஆகப் பழைய வண்டியின் மாதச் செலவு 8,000 ரூபாய்.

புது வண்டிக்குப் பழையதை விற்ற பணத்தை முன்பணமாகக் கட்டி, 4 லட்சம் கடன் வாங்கினால், நான்கு வருடத் தவணையில் மாத டியூ ஏறக்குறைய 11,000 வரும். இன்ஷூரன்ஸ் தனி.

இந்தக் கணக்கில் பழைய வண்டிதான் லாபம். ஆனால் நிற்கும் நாள் இரண்டிலிருந்து நான்காகட்டும். பழைய வண்டியின் செலவும் 11,000-ஐத் தொட்டுவிடும். ஐந்தாவது நாள் நின்றால் விற்பதுதான் புத்திசாலித்தனம். தொகைகள் வீட்டுக்கு வீடு மாறும். போடும் முறை இதுதான்.

ஊரே நிற்கும் நாட்கள்

கணக்கு இத்தோடு முடிந்தால் எளிது. திருப்பூரில் வண்டி நன்றாக இருந்தும் நிற்க வேண்டிவரும்.

2011 ஜனவரியில், கழிவுநீரை முழுவதும் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நொய்யலைக் காப்பாற்ற வந்த உத்தரவு அது. சாயம் நின்றதும் அதற்கு முன்னும் பின்னும் இருந்த வேலையெல்லாம் தடுமாறியது. 2020-ல் கொரோனா ஊரடங்கு. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது, அந்த நாட்டு ஆர்டரை நம்பியிருந்த கம்பெனிகள் திணறின. கம்பெனிக்கு ஆர்டர் குறைந்தால் குட்டி யானைக்கு லோடு குறையும்.

அப்படிப்பட்ட மாதத்தில் கடனில்லாத பழைய வண்டி வீட்டு வாசலில் சும்மா நிற்கலாம். டீசல் கேட்காது, டியர் தேயாது. டியூ மட்டும் லோடு இருக்கிறதா என்று பார்க்காமல் தேதிக்கு வந்து நிற்கும். ஆகவே புது வண்டி எடுக்க நினைப்பவர்கள், ஆறு மாத டியூவைத் தனியாக ஒதுக்கி வைக்க முடியுமா என்று பார்த்துக்கொள்வது நல்லது. முடியாவிட்டால், ரிப்பேர் செய்து ஓட்டிக்கொண்டே அந்தத் தொகையைச் சேர்க்கலாம். ஒரே கம்பெனியின் லோடை நம்பியிருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

எப்போது ரிப்பேர், எப்போது வேண்டாம்?

கிளட்ச், பிரேக், பட்டை, ரேடியேட்டர், பேட்டரி போன்றவை தேய்ந்தால் மாற்றுவதற்கென்றே இருப்பவை. அவற்றுக்காக வண்டியை விற்க வேண்டாம். இன்ஜின் வேலையும் ஒரே தடவையில் முழுமையாகச் செய்தால் பலன் தரும். 'இப்போதைக்கு ரிங் மட்டும் போடு, மத்தது தீபாவளிக்கு அப்பறம்' என்றால் கூலி இரண்டு தடவை ஆகும். வண்டியும் இரண்டு தடவை நிற்கும்.

சேஸிஸ் துருப்பிடித்து வெல்டிங்குக்கு மேல் வெல்டிங் போட்டிருந்தாலோ, விபத்தில் வளைந்திருந்தாலோ கதை வேறு. அந்த வண்டிக்கு இன்ஜின் வேலை பார்ப்பது, இடிந்த சுவருக்கு வெள்ளையடிப்பது போலத்தான். ஓட்டுகிறவரின் உயிரும் இதில் இருக்கிறது.

எஃப்.சி. செலவையும் மறக்கக் கூடாது. வாடகை வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை எஃப்.சி.; அதற்குப் பின் வருடா வருடம். பெயின்ட், டிங்கர் வேலை, சோதனைக்காக வண்டி நிற்கும் நாள் எல்லாம் சேர்ந்த செலவு அது. எஃப்.சி.க்கு இரண்டு மாதம் முன்பே முடிவெடுத்தால் அந்தச் செலவு வீணாகாது.

வீட்டில் நிற்கும் பழைய ஸ்கூட்டருக்கும் காருக்கும் விதி வேறு. பதிவு 15 ஆண்டு செல்லும். பிறகு ஐந்து ஐந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். 2025 ஆகஸ்ட்டில் மத்திய அரசு அறிவித்த கட்டணப்படி, 20 வயது தாண்டிய இருசக்கர வாகனத்துக்கு 2,000 ரூபாய், காருக்கு 10,000 ரூபாய். பசுமை வரி தனி. தாத்தா ஓட்டிய டி.வி.எஸ். 50-ஐ ஆசைக்காக வைத்திருப்பவர்கள் இந்தத் தொகையையும் ஆசையோடு சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

விற்றால் பெயரை மாற்றுங்கள்

முடிவு விற்பனை என்றால், பணம் கைக்கு வந்ததோடு வேலை முடியவில்லை. 'புக்கைக் கொடுங்க, பேரு நான் மாத்திக்கறேன்' என்று புரோக்கர் சொல்வதை நம்பி, படிவம் 29, 30-ல் தேதி போடாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வருபவர்கள் நிறைய.

அதில் பெரிய ஆபத்து இருக்கிறது. பல கை மாறியும் பெயர் மாற்றப்படாத ஒரு காரின் வழக்கில், 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் கண்ணில் ஓனர். விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு. விற்று இரண்டு வருடம் கழித்து, யாரோ ஓட்டிய வண்டி மோதியதற்கு உங்கள் வீட்டுக்கு நோட்டீஸ் வரலாம்.

அதனால் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கடன் இருந்த வண்டி என்றால் ஃபைனான்ஸ் பெயரை ஆர்.சி.யிலிருந்து நீக்கப் படிவம் 35 வேண்டும். வாங்குபவரின் ஆதார் நகல், வண்டி கொடுத்த தேதி, நேரம் எழுதிய டெலிவரி நோட் ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருங்கள். 

ஓட்டவே முடியாத வண்டியைப் பழைய இரும்புக்கடையில் எடைக்குப் போடுவதிலும் இதே ஆபத்து. இரும்பு போய்விடும், ஆர்.சி. உங்கள் பெயரிலேயே உயிரோடு இருக்கும். அரசிடம் பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்தில் ஒப்படைத்தால் அதற்கான சான்றிதழ் கிடைக்கும். அதைக் காட்டிப் பழைய பதிவை ரத்து செய்யலாம். புது வண்டியின் பதிவுக் கட்டணத்திலும் விலக்கு உண்டு.

வண்டியை வைத்திருப்பவர்கள் இன்றைக்கே செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. டாஷ்போர்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நோட்டு. வண்டி நின்ற தேதி, காரணம், செலவு, போன லோடு. மூன்று மாதம் எழுதினால் போதும். அதற்குப் பிறகு மகனும் அம்மாவும் வாக்குவாதம் செய்ய வேண்டியதில்லை. நோட்டைப் புரட்டிப் பார்த்தாலே விற்பதா, வைத்துக்கொள்வதா என்பது தெரிந்துவிடும்.