பன்னிரண்டில் ஒன்று குறைந்தால்

1973-இல் எண்ணெய் விலை ஏறியதும் அரபு நாடுகளில் கட்டிடங்கள் எழுந்தன. நம் கடற்கரை ஊர்களின் இளைஞர்கள் பம்பாய்க்கு இரயில் ஏறினார்கள். 1981-இல் நானும் ஏறினேன். பி.காம். பட்டமும், தட்டெழுத்தில் மேல்நிலைத் தேர்ச்சியும், காயல்பட்டினத்தில் உம்மா தம் காப்பை அடகு வைத்துத் தந்த பணமும் என் பையில் இருந்தன. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. அதைத் தன்னம்பிக்கை என்று அன்று நான் எண்ணியிருந்தேன்.

பண்டகக் காப்பாளர் வேலைக்கான நேர்முகத் தேர்வு அது. இடம் ஒன்று, வந்திருந்தவர்களோ நாற்பது பேருக்கு மேல். என் பக்கத்தில் அமர்ந்திருந்தவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுச் சென்னை மண்ணடியில் ஓர் இரும்புச் சாமான் கடையில் வேலை பார்த்தவராம். முதலாளி கைப்பட எழுதிக் கொடுத்த ஒரு தாளே அவருடைய சான்றிதழ். அவருக்காக நான் மனத்துக்குள் இரக்கப்பட்டேன். அந்த இரக்கத்தை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

"ஏட்டில் பன்னிரண்டு பம்புகள், எண்ணிப் பார்த்தால் பதினொன்று. என்ன செய்வீர்?" என்று கேட்டார் அதிகாரி.

"என் பொறுப்பில் அப்படிக் குறை நேராது" என்றேன்.

"நேர்ந்துவிட்டால்?"

"ஏட்டைச் சரிசெய்துவிடுவேன்."

அவர் தலையை அசைத்துக் கோப்பை மூடினார். பிற்பகலில் படிக்கப்பட்ட பெயர் மண்ணடிக்காரருடையது.

கீழே தேநீர்க் கடையில் அவரைப் பிடித்தேன். "அந்தக் கேள்விக்கு என்ன சொன்னீர்கள், காக்கா?"

"எனக்கு இங்கிலீஷ் அரைகுறை, தம்பி. விளங்கவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். உர்தூவில் கேட்டார். பதினொன்று என்றே எழுதித் தேதி போட்டு, அன்றைக்கே பெரியவரிடம் சொல்வேன். பிறகுதான் தேடுவேன் என்றேன். எங்கள் கடை வழக்கம் அதுதான்."

சரக்கு குறைந்ததற்குக் காரணம் பல இருக்கலாம். கொடுத்ததை எழுத மறந்திருக்கலாம், வந்தபோதே தவறாக எண்ணியிருக்கலாம், களவும் போயிருக்கலாம். ஏட்டை ஓசையின்றித் திருத்திவிட்டால் எது நடந்தது என்று அறியும் வழியே அடைபட்டுப்போகும். வணிகவியல் பட்டதாரியான எனக்கு இது தெரியாததன்று. ஆயினும், குறை என்னுடையதாகத் தோன்றிவிடுமோ என்ற அச்சம் என் படிப்பை முந்திக்கொண்டது.

மத்யன் கிணற்றடியில் மூஸா நபி (அலை) அவர்கள் கூலி கேட்டு நிற்கவில்லை. களைத்து வந்த அந்நியர், இரு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு நிழலுக்கு ஒதுங்கினார்கள். எட்டு ஆண்டு வேலை அதன் பிறகே தேடி வந்தது. வலிமையோடு நம்பகத்தையும் அங்கே எடை போட்டார்கள் என்பதை ஊர் திரும்பும் வண்டியில்தான் எண்ணிப் பார்த்தேன்.

குணத்தால் மட்டுமே அவர் வென்றார் என்பது அவருக்கு நான் செய்யும் அநீதியாகும். ஒவ்வொரு போல்ட்டின் அளவும் அவர் விரல்நுனியில் இருந்தது. குணம் பார்க்கிறோம் என்று சொல்லி, எதிர்த்துப் பேசாதவர்களையே பொறுக்கி எடுக்கும் முதலாளிகளையும் பின்னாளில் கண்டிருக்கிறேன். அவர்கள் தேடும் பணிவு வேறு. மண்ணடிக்காரர் குறையை முதலாளியின் முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவர்.

மறு ஆண்டு சென்னை பெரியமேட்டில் ஒரு தோல் கிடங்குக்கு வேலை கேட்டுப் போனேன். "தோல் பார்க்கத் தெரியுமா?" என்றார் முதலாளி. "தெரியாது, கற்றுக்கொள்ள எத்தனை நாளாகும்?" என்றேன். சிரித்தார், குறைந்த சம்பளத்தில் எடுத்துக்கொண்டார்.

முதல் மாதக் கணக்கெடுப்பில் நான்கு தோல்கள் குறைந்தன. இரவெல்லாம் உறக்கமில்லை. காலையில் அவர் வந்து செருப்பைக் கழற்றுமுன் சொல்லிவிட்டேன். கட்டுகளை மறுபடியும் பிரிக்கச் சொன்னார். மூன்று கிடைத்தன. நான்காவதன் விலையை என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். உம்மாவின் காப்பு மீள இன்னும் ஒரு மாதம் கூடிற்று.